மூன்றரை அங்குல ட்ரீம்கேட்சர்

ட்ரீம்கேட்சர், அதாவது கனவு பிடிக்கும் வலை என்றதும் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் பெரிய வளையமும், அதிலிருந்து முழ நீளத்துக்கு இறங்கும் சாயம் போட்ட இறகுகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கார்க் கண்ணாடியில் ஆடுவதும், கொடைக்கானல் சாலையோரக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதும் அந்தச் சாயல்தான். ஆனால் வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒருவரான ஓஜிப்வே மக்கள் தங்கள் குழந்தைகளுக்குச் செய்து வைத்தது வெறும் மூன்றரை அங்குலம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்த அளவை எழுதி வைத்தவர் ஃபிரான்சிஸ் டென்ஸ்மோர். 1867-இல் மினசோட்டா மாநிலத்தின் ரெட் விங் ஊரில் பிறந்தவர், இசை படித்தவர். 1907-இலிருந்து ஓஜிப்வே பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவுசெய்யத் தொடங்கி, அப்படியே அந்த மக்களின் சமையல், மருந்து, உடை, குழந்தை வளர்ப்பு என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போனார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இனவியல் பிரிவு 1929-இல் வெளியிட்ட அவருடைய அறிக்கையில் இந்தச் சின்ன வளையங்களைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. மரக்குச்சியை வளைத்த வளையம், நடுவே மெல்லிய நூலில் சிலந்தி வலை போன்ற பின்னல். நூலுக்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம். அதற்கும் முந்தைய காலத்தில், தொட்டால் அரிப்பெடுக்கும் நெட்டில் செடியின் நாரில் பின்னியிருக்கிறார்கள். குழந்தையின் தொட்டில் பலகையில் வழக்கமாக இரண்டு தொங்கும். சிலந்தி வலையில் பட்டதெல்லாம் ஒட்டிக்கொள்வதுபோல, காற்றில் வரும் கெடுதலை இது பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அந்த மக்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தொட்டில் பலகை என்பது தட்டையான மரப்பலகை. குழந்தையைத் துணியில் சுற்றி அதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அம்மா முதுகில் சுமந்து நடக்கலாம், வேலை செய்யும்போது பக்கத்திலேயே மரத்தில் சாய்த்து வைக்கலாம். தலைப்பக்கம் வளைத்த மரச்சட்டம் ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பலகை கவிழ்ந்தாலும் குழந்தையின் முகம் தரையில் படாது. அந்தச் சட்டத்தில்தான் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கச் சின்னச் சின்னப் பொருள்களைக் கட்டுவார்கள். ட்ரீம்கேட்சரின் இடம் அதுதான். குழந்தையின் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். அதனால்தான் அது சின்னது.

நான் மினசோட்டாவில், மினியாபொலிஸ் நகரத்துப் பக்கம் குடியிருக்கிறேன். இங்கிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் மில் லாக்ஸ் ஏரி வரும். அதன் கரையில் மில் லாக்ஸ் இந்தியன் மியூசியம் இருக்கிறது. ஓஜிப்வே மக்களின் வாழ்க்கையை நான்கு பருவங்களாக ஆளுயரப் பொம்மைகளோடு காட்டும் பெரிய அறை ஒன்று அங்கே உண்டு. வசந்தத்தில் மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது, இலையுதிர்காலத்தில் ஏரியிலேயே விளையும் காட்டரிசியைப் படகில் போய்த் தட்டிச் சேர்ப்பது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரலாம். கைவேலை வகுப்புகளும் நடத்துகிறார்கள். அப்படி ஒரு வகுப்பில்தான் வலை பின்னக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் வயதான ஓஜிப்வே பெண்மணி. நூலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “யாருக்குச் செய்யப்போகிறாய்?”

அந்தக் கேள்வியை நான் விடவே இல்லை. அது ஒன்று தெரிந்துவிட்டால் அளவு, நூல், மணி, இறகு எல்லாம் தானாக முடிவாகிவிடுகின்றன. வரவேற்பறைக்கு அழகாக ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்தால் வளையம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு குழந்தையை மனதில் வைத்து உட்கார்ந்தால் அந்த மூன்றரை அங்குலத்திலேயே வந்து நிற்கும்.

போன முறை நான் செய்தது தோழிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு. அப்போது அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். குளிர்காலத்தின் கடைசி, வெளியே இன்னும் பனி. எங்கள் வீட்டு வேலியோரம் ரெட் ஓசியர் டாக்வுட் என்ற புதர் இருக்கிறது. இங்கே ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் தானாக வளர்வது. சிவப்பு வில்லோ என்றும் கூப்பிடுகிறார்கள், ஆனால் வில்லோ குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலை உதிர்ந்த பிறகுதான் அதன் அழகே தெரியும். வெள்ளைப் பனிக்கு நடுவே குங்குமச் சிவப்பில் குச்சி குச்சியாக நிற்கும். ஓஜிப்வே மக்கள் இதன் உட்பட்டையைச் சுரண்டிக் காயவைத்துப் புகைக்கும் கலவையில் சேர்ப்பார்கள், குச்சிகளைக் கூடை முடையவும் எடுப்பார்கள்.

வளையத்துக்கு இளங்குச்சிதான் வேண்டும். போன ஆண்டு துளிர்த்து வளர்ந்தது நல்ல சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். வயதான குச்சி பழுப்பேறி, வளைத்தால் படக்கென்று முறியும். தளிர் விடுவதற்கு முன்னால், குளிர்கால முடிவில் வெட்டுவது செடிக்கும் நல்லது. தோட்டக்காரர்களே அந்தச் சமயத்தில் மூன்றில் ஒரு பங்கு பழைய கிளைகளைக் கழித்துவிடுவார்கள், அப்போதுதான் அடுத்த ஆண்டு சிவப்பு கூடும். மூன்றரை அங்குல வளையத்துக்கு நான்கு, ஐந்து மில்லிமீட்டர் தடிமன் போதும். நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் வளையத்தை இரண்டு சுற்று சுற்ற முடியும்.

வெட்டியதும் பக்கக் கிளைகளை நறுக்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊற வையுங்கள். குளிரில் உறைந்து கிடந்த குச்சி என்றால் இன்னும் கூட ஊறட்டும். அப்புறம் இரண்டு கைக் கட்டைவிரலையும் குச்சியின் அடியில் கொடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் வட்டமாக்கப் பார்க்காதீர்கள். உள்ளே நார் விட்டுக்கொடுப்பது விரலுக்குத் தெரியும், சன்னமாக ஒரு நெறுநெறுப்பு. இப்படி நாலைந்து தடவை நீவிவிட்டால் குச்சி தானாகவே வளைந்து நிற்கும். பிறகு வட்டமாக்கி, மிச்ச நீளத்தை அதே வளையத்தின் மேல் கொடி படருவதுபோலச் சுற்றிவிட்டு, முனைகளை நூலால் இறுக்கிக் கட்டி, நிழலில் காய வையுங்கள். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வேண்டாம், பட்டை சுருங்கி வெடிக்கும். ஒரு வாரம் விட்டால் நல்லது.

இனி வலை. இதுதான் நெஞ்சைப் பிடிக்கும் பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நூல் எட்டடி போதும். நான் எடுப்பது மெழுகு பூசிய சிவப்புப் பருத்தி நூல். மெழுகு இருந்தால் முடிச்சு வழுக்காது. வகுப்பில் கொடுத்தது செயற்கைத் தசைநார் நூல். பார்க்க மான் தசைநார் போலவே இருக்கும், உண்மையில் மெழுகிட்ட நைலான். பின்ன அதுதான் எளிது, ஆனாலும் எனக்குப் பருத்திதான் பிடிக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வளையத்தின் உச்சியில் நூலின் ஒரு முனையைக் கட்டிவிடுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் நூலை வளையத்தின் மேலாகப் போட்டு, பின்னால் கொண்டுபோய், அங்கே விழும் கண்ணிக்குள் நுழைத்து முன்னால் இழுக்க வேண்டும். ஒரு முடிச்சு ஆயிற்று. உச்சியில் போட்ட முதல் முடிச்சையும் சேர்த்து இப்படி எட்டு இடம். சிலந்திக்கு எட்டுக் கால் என்பதால் எட்டு என்று சொல்பவர்கள் உண்டு, ஏழு வைப்பவர்களும் உண்டு. எட்டாவது முடிச்சு போட்டதும் நேராக முதல் கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. அதைத் தாண்டி, முதல் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே ஓடும் நூலின் மையத்துக்குப் போக வேண்டும். இனிமேல் வளையத்துக்கு வேலை கிடையாது. இரண்டாம் சுற்று முழுவதும் முதல் சுற்று நூலின் மேல்தான். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் அதே முடிச்சு. மேலாகப் போட்டு, பின்னால் போய், கண்ணிக்குள் நுழைத்து இழு. இழுக்கும்போது அந்தத் துண்டு நடுவில் லேசாக மடங்கி உள்பக்கம் வரும். அந்த மடிப்புதான் வலையின் உருவம். மூன்றாம் சுற்று இரண்டாம் சுற்றின் மேல், நான்காவது மூன்றாவதன் மேல். கட்டங்கள் சாய்சதுரமாகச் சிறுத்துக்கொண்டே நடுவுக்குப் போகும். முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை ஒரே நூல், எங்கேயும் வெட்டு கிடையாது. பனியில் நடக்க இந்த மக்கள் காலில் கட்டிக்கொள்ளும் பனிச்செருப்பின் தோல்வார்ப் பின்னலுக்கும் இதற்கும் நெருங்கிய சாயல் உண்டு. அருங்காட்சியகத்தில் இரண்டையும் பார்த்தால் ஒரே கை செய்தது என்று சொல்லத் தோன்றும்.

இழுவிசைதான் இதில் எல்லாமே. முதல் சுற்றைத் தளர்த்தியாக, நூல் தொங்காமல் நின்றால் போதும் என்ற அளவில் விடுங்கள். அதிலேயே முழு பலத்தையும் காட்டினால் வளையம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும், அப்புறம் திருப்பவே முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போகலாம். மூன்றாம் சுற்றில் இழுத்தால் முதல் சுற்றே நிமிர்ந்து உட்காரும். நான் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “ஏண்டி, பூக் கட்டுற மாதிரிதானே இருக்கு, குடு இங்க” என்று வாங்கிக்கொண்டார். நாற்பது வருடம் மல்லிகை கட்டிய விரல். காம்பு நசுங்காமலும் பூ நழுவாமலும் இறுக்கத் தெரிந்த விரலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலையின் நடுச் சுற்றுகள் இரண்டும் அவர் கட்டியவை, எனக்கு வந்ததைவிடச் சீராக வந்தன.

நடுவில் விரல் நுழையும் அளவு துளை மிச்சமிருக்கும்போது நிறுத்துங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு நூலை ஊசியில் கோத்துக்கொண்டால் கைக்கு வசதி. இரட்டை முடிச்சு போட்டு நறுக்கிவிடலாம்.

அந்தத் துளைக்குப் பல விளக்கங்கள் புழங்குகின்றன. கெட்ட கனவு வலையில் சிக்கிக்கொண்டு காலை வெயில் பட்டதும் கரைந்துபோகும், நல்ல கனவு துளை வழியாக இறங்கித் தூங்கும் குழந்தையிடம் வரும் என்பது ஒன்று. இன்னொரு பூர்வகுடி இனமான லக்கோட்டா மக்களின் கதையாகச் சொல்லப்படுவதில் இது தலைகீழ். அங்கே நல்லது வலையில் தங்கும், கெட்டது துளை வழியாக வெளியேறும். ஓஜிப்வே கதையில் வருபவள் அசிபிகாஷி என்ற சிலந்திப் பெண். மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தவரை எல்லாக் குழந்தைகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவர்கள் நாலா திசையிலும் பரவிப் போனதும் அவளால் எல்லாத் தொட்டிலுக்கும் போய்வர முடியவில்லை. அதனால் அம்மாக்களும் பாட்டிகளும் அத்தைகளும் அவள் சார்பில் வலை பின்ன ஆரம்பித்தார்கள். எனக்கு இந்தக் கதைதான் மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கம். ஊரை விட்டு வந்து, பிரசவத்துக்கு ஒரு பாட்டி விசா வாங்கி விமானம் ஏறி வர வேண்டியிருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, இறகு. இதில் அமெரிக்காவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் புளூ ஜே இறகு, கார்டினல் இறகு, ஏரிக்கரையில் கிடக்கும் வாத்து இறகு, இவற்றை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம். தொப்பியில் செருகுவதற்காகப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தத்தான் 1918-இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. கொன்று எடுத்த இறகா, தானாக உதிர்ந்த இறகா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் தடை. கழுகு இறகுக்கு 1940-இலிருந்து தனிச் சட்டமே உண்டு. பூர்வகுடி இனங்களின் உறுப்பினர்கள் மட்டும் தங்கள் சடங்குகளுக்காக விண்ணப்பித்து, கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியத்திலிருந்து பெறலாம். கோழி இறகுக்கும் வளர்ப்பு வான்கோழி இறகுக்கும் தடை இல்லை. நான் இறகே வைப்பதில்லை. டென்ஸ்மோர் எழுதிய வளையத்துக்கு வலையே போதுமானதாக இருந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு என்றால் மணியும் வேண்டாம், கழன்று விழுந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் கேட்கக்கூடும்: ஓஜிப்வே மக்களுடையதை நாம் செய்யலாமா? நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். 1883-இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளின் சடங்குகளைக் குற்றமாக அறிவித்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, மொழியையும் முடியையும் சேர்த்தே வெட்டினார்கள். மத வழிபாட்டுச் சுதந்திரத்தைச் சட்டமாக எழுதித் தர 1978 வரை ஆனது. இடையில், 1968-இல் பூர்வகுடிகளின் உரிமை இயக்கமான அமெரிக்கன் இந்தியன் மூவ்மென்ட் தொடங்கியது நான் இருக்கும் இதே மினியாபொலிசில். வெவ்வேறு இனத்தவர் ஒன்றாகத் திரண்ட அந்த ஆண்டுகளில் ட்ரீம்கேட்சர் ஓஜிப்வே எல்லையைத் தாண்டி எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொதுவான அடையாளமாகப் பரவியது. அதன் பின்னால்தான் வியாபாரிகள் வந்தார்கள். எங்கோ தொழிற்சாலையில் உலோக வளையத்தில் செய்து இறக்கி, பூர்வகுடிக் கைவேலை என்று விற்றார்கள். 1990-இல் வந்த சட்டத்தின்படி அப்படிப் பொய் சொல்லி விற்கும் தனி ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. அப்படியும் நிற்கவில்லை.

அதனால் நானாக வைத்துக்கொண்ட வழி இது. தெரிந்த குழந்தைக்கு வீட்டில் செய்வேன், கொடுக்கும்போது இது யாருடையது என்று சொல்லிக் கொடுப்பேன். விற்க மாட்டேன். “அழகாக இருக்கே, ஒன்று செய்து தா, காசு தருகிறேன்” என்று கேட்பவர்களை அருங்காட்சியகக் கடைக்கு அனுப்பிவிடுவேன். ஓஜிப்வே கைவினைஞர்கள் செய்தவை அங்கே கிடைக்கும், அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும். இந்தியாவில் பொழுதுபோக்கு வகுப்பு நடத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன். பின்னலைச் சொல்லிக்கொடுங்கள், கூடவே ஓஜிப்வே என்ற பெயரையும் தொட்டில் பலகையையும் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு குழந்தைக்காகச் செய்வது என்று நான் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. 1999-இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு அந்தப் பள்ளிக்கு ஒரு ட்ரீம்கேட்சர் வந்தது. 2005-இல் மினசோட்டாவின் வடக்கே, ஓஜிப்வே மக்களின் ரெட் லேக்கில் அதேபோல் நடந்தபோது கொலம்பைன்காரர்கள் அதை ரெட் லேக் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். 2012-இல் நியூடவுன் ஊரின் சாண்டி ஹூக் பள்ளியிலும் அதே துயரம். ரெட் லேக்கிலிருந்து அது நியூடவுனுக்குப் போனது. அங்கிருந்து 2014-இல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஸ்வில்லுக்கு. அதற்கு அப்புறமும் அதன் பயணம் முடியவில்லை. எந்த ஊரும் தன்னிடம் வந்து சேரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ட்ரீம்கேட்சர் அது. ஆனால் வாங்கிய ஒவ்வோர் ஊரும் அதை அடுத்த ஊருக்குத் தானே எடுத்துப் போய்க் கொடுத்திருக்கிறது. பெரியவர்களால் காக்க முடியாமல் போன பிள்ளைகளின் வீட்டாருக்கு, அதே துயரத்தைப் பார்த்த இன்னொரு வீட்டார் கொண்டுவந்து கொடுப்பதற்கு வேறு எந்தப் பொருள் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

பருத்தி நூல் ஏன் என்று சொல்கிறேன் என்றேன். பச்சைக் குச்சியும் இயற்கை நாரும் கொண்டு செய்த வளையம் நிலைத்து நிற்கச் செய்ததில்லை. குச்சி காயக் காயச் சுருங்கும், நூல் தளரும், சில ஆண்டுகளில் வலை தொய்ந்துவிடும். அதற்குள் குழந்தையும் தொட்டிலை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்திருக்கும். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நைலானும் இரும்பு வளையமும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

மாட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. இன்றைய குழந்தைக் கட்டிலுக்குள் எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். நூல் கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், குழந்தைக்கு எட்டாத, ஆனால் படுத்தபடியே பார்க்க முடிகிற உயரத்தில் ஆணி அடியுங்கள். ஜன்னல் பக்கம் என்றால் வெயில் வரும்போது வலையின் நிழல் சுவரில் விழும், கைக்குழந்தைகள் அதை வெகுநேரம் பார்க்கும்.

ஊரில் இருப்பவர்கள் டாக்வுட்டைத் தேட வேண்டாம். கூடை முடைபவர்களிடம் மெல்லிய பிரம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்தால் இதைவிடச் சுலபமாக வளையும், இரண்டு நாளில் காய்ந்துவிடும். முனையைச் சீவிவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் முண்டாகத் துருத்தும், எட்டு முடிச்சில் ஒன்று சரியாக அங்கேதான் வந்து விழும்.